நாலு பேஸ் கிட்டாரும் ஒரு தோளும்

எங்கள் வீட்டில் நாலு பேஸ் கிட்டார்கள் இருந்தன. இப்போது மூன்று. வாசிக்கிறவர் ஒருத்தர்தான். அவர் என் வீட்டுக்காரர். ஒரு நாட்டுப்பாட்டு ராக் குழுவில் ஆரம்பத்திலிருந்து இன்றுவரை பேஸ் வாசிக்கிறார். மேடையில் டிரம்ஸுக்குப் பக்கத்தில், வெளிச்சம் பாதி மட்டும் விழுகிற இடத்தில், பஸ்ஸுக்குக் காத்திருக்கிற முகத்தோடு ஒருத்தர் அசையாமல் நிற்பார் பாருங்கள், அவர்தான்.

பேஸ் கிட்டார் என்றால் என்ன என்று என்னிடம் கேட்கிறவர்கள் உண்டு. சாதாரண கிட்டாரைவிட நீளம், கனம், கம்பியும் தடிப்பு. அதன் சத்தம் காதில் விழுவதற்கு முன்னால் வயிற்றில் விழும். வாசிக்கும்போது யாரும் கவனிக்க மாட்டார்கள், நிறுத்தினால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். வீட்டு வேலை மாதிரிதான்.

முதல் பேஸ் உண்மையில் பேஸே இல்லை. பழைய மர கிட்டார், மெல்லிய கம்பி இரண்டையும் கழற்றி எறிந்தது. அந்தக் காலத்தில் என் அண்ணனும் அவன் கூட்டாளிகளும் எங்கள் வீட்டு முன்னறையில்தான் பாட்டுப் பழகினார்கள். வண்டி ஓட்டுகிறவர்கள், படகு தள்ளுகிறவர்கள், துணி துவைக்கிறவர்கள் பாடுகிற பாட்டுகளை எடுத்து மின்சாரத்தில் செருகினால் என்ன ஆகும் என்று பார்க்கிற ஆசை. அண்ணனுக்குக் குரல் இருந்தது, அதனால் அவன் பாடகன். மற்றவர்களில் ஒருத்தன்கூடப் பேஸ் வாசிக்கச் சம்மதிக்கவில்லை. எல்லோருக்கும் முன்னால் நிற்க வேண்டும். கடைசியில், யார் தாமதமாக வருகிறானோ அவன் தலையில் கட்டிவிடலாம் என்று முடிவு செய்தார்கள். இவருக்கு அன்றைக்கு சைக்கிள் பஞ்சர்.

"மாப்ள, நீதான் பேஸு," என்றான் அண்ணன்.

"சரி," என்றார் இவர்.

இவருடைய வாழ்க்கையில் பெரிய முடிவுகள் எல்லாமே இப்படித்தான் நடந்திருக்கின்றன. கல்யாணம் உட்பட. அவர்கள் போடுகிற சத்தம் தாங்காமல் நான் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொள்வேன். பாட்டும் நின்றுவிடும், வயலினும் நின்றுவிடும், டிரம்ஸ்கூட மங்கிவிடும். கதவைத் தாண்டி வந்தது இவர் வாசிப்பு ஒன்றுதான். வேறு வழியில்லாமல் கேட்டேன். பிறகு அதே ஆளைக் கட்டிக்கொள் என்று அண்ணனே வந்து கேட்டான். "பேசவே மாட்டான், உனக்கு வசதியா இருக்கும்," என்றான். அது பொய்யில்லை.

இரண்டாவது, தவிட்டு நிறத்துப் பேஸ். அதுதான் நிஜமான முதல் பேஸ். நல்ல மரம். குழுவுக்குப் பெயர் வாங்கித் தந்த பாட்டுகள் எல்லாம் அதில் வாசித்தவைதான். அவர்களுக்கென்று ஒரு பாணி இருந்தது. அடிக் கம்பியில் விரலே வைக்காமல் அதை அப்படியே அதிரவிட்டு, பாட்டு முழுவதும் அந்த அதிர்வின் மேலேயே நடப்பார்கள். அண்ணனின் கிட்டார், டீச்சரின் வயலின், எல்லாம் அப்படித்தான். டீச்சர் பகலில் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துகிறவர், சாயங்காலம் வயலின் வாசிக்கிறவர். இரண்டு இடத்திலும் ஒரே முறைப்புதான்.

இவர் அந்தத் தவிட்டு பேஸை வீட்டில் வாசிக்கும்போது சமையலறை மேல் அலமாரியில் இருக்கிற கெட்டில் மூடி கடகடவென்று ஆடும். அடிக் கம்பியைத் தொட்டாலே போதும். மூடியைக் கழற்றிக் கீழே வைக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். வைக்கலாம். ஆனால் அவர் வாசித்துக்கொண்டிருக்கிறாரா, சோபாவில் தூங்கிக்கொண்டிருக்கிறாரா என்று அடுப்படியிலிருந்தே தெரிந்துகொள்ள அது ஒன்றுதான் எனக்கு இருந்தது.

மூன்றாவது, குட்டி. நீளம் குறைவு, எடை குறைவு, கழுத்தும் சின்னது. பெரியவள் பிறந்த பிறகு வாங்கினார். மடியில் ஒரு பக்கம் பிள்ளையும் ஒரு பக்கம் குட்டியுமாக உட்கார்ந்திருப்பார். பிளக்கில் செருகாமல் வாசித்தால் பிள்ளை தூங்கும். எனக்குத் தெரிந்து அவர் கடையில் போய், தானாக ஆசைப்பட்டு, யாரும் சொல்லாமல் வாங்கிய பொருள் அது ஒன்றுதான். ஆனால் மேடைக்கு அதை எடுத்துப் போனதில்லை. "பொம்மை மாதிரி இருக்கு, ஜனங்க சிரிப்பாங்க," என்று அண்ணன் சொல்லிவிட்டான்.

நாலாவதுக்கு வருவதற்கு முன்னால் அண்ணனின் தொண்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நடு வயதில் அவன் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. அறுத்து எடுத்தார்கள். மோசமான கட்டி இல்லை. ஆனால் பல மாதம் பாடக் கூடாது, பேசக்கூடக் கூடாது என்றார்கள். அண்ணி மட்டும் அந்த மாதங்களை இன்றுவரை நல்ல நாட்கள் என்று சொல்வாள். பிறகு பாடலாம் என்று டாக்டர் சொன்னார். முதல் கச்சேரி வைத்தார்கள். அண்ணன் பயந்துபோயிருந்தான். அவன் பயந்தால் அதிகமாகச் சிரிப்பான், எல்லோர் முதுகிலும் தட்டுவான். அன்றைக்கு எல்லோர் முதுகும் சிவந்திருந்தது.

இந்தக் குழுவில் ஒரு பழக்கம். மேடை ஏறுவதற்கு முன்னால் எல்லா வாத்தியத்துக்கும் சுருதி சேர்ப்பது என் வீட்டுக்காரர்தான். அண்ணனுக்கு அந்தப் பொறுமை கிடையாது, முறுக்கி முறுக்கிக் கம்பியை அறுத்துவிடுவான். சுருதி பார்க்கிற மிஷின் என்றாலே அவனுக்கு ஆகாது. "மாப்ள காது இருக்கும்போது மிஷின் எதுக்கு?" என்பான். எவ்வளவு இரைச்சலிலும் இவர் கிட்டாரின் மேல் முனையில் நீட்டிக்கொண்டிருக்கிற கொம்பில் தாடையை அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவார். சத்தம் எலும்பு வழியாக உள்ளே போகுமாம். தன்னுடையதைச் சேர்த்து முடித்து, அதை வைத்து அண்ணன் கிட்டாரைச் சேர்த்துக் கையில் கொடுப்பார். டீச்சரும் இவரைக் கேட்டுத்தான் வயலினைச் சேர்ப்பார். இவர் எங்கே நிற்கிறாரோ அங்கேதான் குழு நிற்கும்.

அன்றைக்கு இவர் அரைக் கட்டை கீழே நின்றார்.

கட்டை என்பது பாட்டு எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்கிற கணக்கு. கட்டை ஏறினால் தொண்டை நரம்பு புடைக்கும், இறங்கினால் பாடுகிறவனுக்குச் சிரமம் குறையும். இவர் எல்லா வாத்தியத்தையும் அரைக் கட்டை தளர்த்தி வைத்தார். அண்ணன் எப்போதும் வைக்கிற இடத்தில்தான் விரலை வைத்தான், எப்போதும் போலத்தான் பாடினான். மேலே போகிற இடம் வந்தது. போனான். கூட்டம் எழுந்து நின்றது.

இறங்கி வந்து இவரைக் கட்டிக்கொண்டான். "பாத்தியா மாப்ள? கத்தி வெச்சும் குரல் அப்படியே இருக்கு."

"ஆமா மச்சான்."

எல்லாத் தொல்லையும் அந்த ஒரு ஆமாவில்தான் ஆரம்பித்தது.

எனக்கு யாரும் சொல்லவில்லை. அடுத்த வாரம் அவர் வீட்டில் வாசித்துக்கொண்டிருந்தார், நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். கெட்டில் மூடி ஆடவில்லை. அதற்குப் பதிலாக ஓரத்தில் இருந்த தூக்குச் சட்டியின் கைப்பிடி ஆடியது. நான் கத்தியோடு போய் நின்றேன்.

"என்னங்க, மூடி ஆடல. தூக்கு ஆடுது."

அவர் தலையைத் தூக்கவில்லை. "அரைக் கட்டை எறக்கியிருக்கேன்."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா பாட மாட்டான். அடுத்த கச்சேரி முடியட்டும்."

அடுத்த கச்சேரி முடிந்தது. அதற்கடுத்ததும் முடிந்தது. சில வருடம் கழித்து இன்னொரு அரை இறங்கியது. பிறகு இன்னும் ஒரு அரை. ஆக ஒன்றரைக் கட்டை. டீச்சருக்குத் தெரியும், டிரம்ஸ்காரருக்குத் தெரியும், ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. அண்ணன் மட்டும் ரேடியோவில் போய், "இந்த வயசிலயும் ரெக்கார்டுல பாடின அதே சுருதியிலதான் பாடுறேன், ஒரு பாட்டைக்கூட எறக்கல," என்று பேட்டி கொடுத்தான். பழைய ரெக்கார்டை எடுத்துக் கேட்டிருந்தால் அவனுக்கே தெரிந்திருக்கும். அவன் கேட்க மாட்டான். "கேட்டா தப்பு மட்டும்தான் காதுல விழும்," என்பான்.

இறக்கினால் கம்பி தளரும். தளர்ந்த கம்பி மரத்தில் பட்டு உறுமும். அதற்காகத் தவிட்டு பேஸில் தடிப்பான கம்பி போட்டார். அது இழுத்து இழுத்துக் கழுத்து வளைந்துவிட்டது. ரிப்பேர்க்காரர் அதைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "சார், இதுல அம்பு விடலாம்," என்றார். அது சுவரில் மாட்டப்பட்டது. அதற்குப் பிறகு வந்ததுதான் நாலாவது. ஐந்து கம்பி, நீளக் கழுத்து, எந்த மரத்தில் செய்தார்களோ தெரியாது, கதவையே தூக்கித் தோளில் மாட்டியது போல. எவ்வளவு கீழே போனாலும் அது அசைந்து கொடுக்காது. நான் அதற்கு எருமை என்று பெயர் வைத்தேன். அவர் மறுக்கவில்லை.

எருமையை இடது தோளில் மாட்டிக்கொண்டு அவர் பல வருடம் நின்றார். ஒரு நாள் சட்டை போடும்போது இடது கை பாதியில் நின்றுவிட்டது. வலியை வெளியே சொல்கிற ஆள் இல்லை. சட்டையை மாட்டாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார், நான் போய்ப் பார்த்துக் கையை நுழைத்துவிட்டேன். அப்புறம் தினமும் அதுவே. மேல் அலமாரியிலிருந்து டம்ளர் எடுக்க வேண்டுமானால் எக்கி நின்று வலது கையால் எடுப்பார். தோள் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

அந்த டாக்டரம்மா கையைத் தூக்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். "என்ன வேலை பாக்குறீங்க?"

"நிக்கிறது," என்றார் இவர்.

நான் விளக்கினேன். எருமை காரில்தான் இருந்தது, கொண்டு வந்து காட்டினேன். டாக்டரம்மா அதன் வாரைப் பிடித்துத் தூக்கினார், உடனே மேஜைமேல் வைத்துவிட்டார்.

"இதையா தோள்ல மாட்டுறீங்க? இப்பவே விட்டீங்கன்னா கை ஓரளவுக்குத் திரும்பும். இப்படியே போனா தோளுக்கு மேல எழும்பாது. அப்புறம் எங்கிட்ட வந்து பிரயோஜனம் இல்ல."

வரும் வழியில் சொன்னேன், "குட்டிய வாசிங்க."

"குட்டி அவ்வளவு கீழ போகாது. கம்பி துணிக்கொடி மாதிரி தொங்கும்."

"அப்போ அண்ணன்கிட்ட சொல்லுங்க. சுருதிய மேலயே வெச்சுக்கிட்டு, அவனுக்கு எட்டுற மாதிரி பாட்ட மாத்திக்கட்டும். ஊர்ல எல்லாரும் அதானே செய்றாங்க?"

"அவனுக்குத் தெரிஞ்சிடும்."

"தெரியட்டுமே."

அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கு விஷயம் விளங்கியது. ஒன்று இவர் கை, இல்லை அண்ணனின் வீறாப்பு. இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும். இவர் கையைக் கொடுத்துவிடத் தீர்மானித்திருந்தார். அன்றிலிருந்து எருமையைத் தூக்கிக்கொண்டு போகிற வேலை எனக்கு வந்தது. மேடையில் மாட்டிவிடுவதும் கழற்றுவதும் நான்தான். பார்க்கிறவர்கள் என்னைக் குழுவின் ஆள் என்று நினைத்துக்கொண்டு கழிப்பறை எங்கே என்று கேட்பார்கள்.

அப்படியிருக்கும்போது பெட்டிக்காரர் திரும்பி வந்தார்.

அவர் குழுவின் ஆரம்ப காலத்து ஆள். அக்கார்டியன் வாசித்தவர், மார்பில் மாட்டி இழுத்து மூடி வாசிக்கிற காற்றுப் பெட்டி. வேலை கிடைத்துத் தூரத்து ஊருக்குப் போனவர், ஓய்வு பெற்று வந்திருந்தார். குழு ஆரம்பித்ததைக் கொண்டாட ஒரு பெரிய கச்சேரி ஏற்பாடாகிக்கொண்டிருந்தது. ஒரு பாட்டுக்கு மட்டும் வந்து வாசிக்கட்டுமா என்று போனில் கேட்டார். அண்ணன் சந்தோஷத்தில் நாலு பாட்டுக்கு வா என்றான்.

எங்கள் வீட்டில் அந்தச் செய்தி வந்தபோது இவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையை அப்படியே வைத்துக்கொண்டார்.

"பெட்டிய எறக்க முடியாது," என்றார்.

கிட்டார் என்றால் கம்பியைத் தளர்த்தலாம். பெட்டிக்குள் இருப்பது உலோக நாக்குகள். எந்த நாளில் எந்தச் சுருதியில் செய்தார்களோ சாகும்வரை அதே சுருதிதான். அது அண்ணனின் பழைய குரல் இருந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தது. இவர்கள் ஒன்றரைக் கட்டை கீழே.

"இப்பவாவது சொல்லுங்க," என்றேன்.

"ரிகர்சலுக்கு முன்னாடி சொல்லிடுறேன்."

ரிகர்சல் வந்தது. சொல்லவில்லை. சொல்ல மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

டிரம்ஸ்காரர் பஞ்சு மெத்தை வியாபாரி. அவரை எல்லோரும் மெத்தை என்றுதான் கூப்பிடுவார்கள். அவருடைய கிடங்கில்தான் ரிகர்சல். நாலு பக்கமும் கூரைவரை மெத்தை அடுக்கியிருக்கும், வெளியே ஒரு பொட்டுச் சத்தம் போகாது. மதிய நேரம், உள்ளே புழுக்கம், புது ரப்பர் வாசனை. நான் எருமையை மாட்டிவிட்டு ஓரத்தில் ஒரு மெத்தைமேல் உட்கார்ந்தேன். பிளாஸ்டிக் உறை பிரிக்காத மெத்தை, அசைந்தால் கறகறவென்றது.

பெட்டிக்காரர் வந்தார். தலை முழுக்க வெள்ளை. பெட்டியைத் துணி போட்டு மூடிப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரித் தூக்கி வந்திருந்தார்.

"மெத்தை, நீ ஏண்டா இப்படி ஊதிட்ட?"

"கடைச் சரக்கு மேலதான் தூக்கம். எழுந்திருக்க மனசு வரல," என்றார் மெத்தை.

"டீச்சர், நீங்க மட்டும் அப்படியே இருக்கீங்க."

"நீங்களும்தான். அன்னிக்கும் லேட்டாதான் வருவீங்க," என்றார் டீச்சர்.

அண்ணன் அவர் தோளில் தட்டினான். "முதல்ல படகுப் பாட்டு. நீ ஆரம்பி, நான் வந்து ஏறிக்கிறேன்."

பெட்டிக்காரர் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார். தனியாகக் கேட்டபோது நன்றாகத்தான் இருந்தது. பிறகு இவர்கள் எல்லோரும் சேர்ந்தார்கள். அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது. பாத்திரக் கடையில் இரண்டு பேர் சண்டை போட்ட மாதிரி இருந்தது. அண்ணன் கையைத் தூக்கி நிறுத்தினான்.

"பெட்டி சுருதி போயிடுச்சுப்பா. எத்தனை வருஷம் பரண்ல கெடந்துச்சு?"

"பரண்லயா? போன மாசம்தான் சர்வீஸ் பண்ணி வாங்கினேன்."

"சர்வீஸ் பண்ணவன் கெடுத்துட்டான். காதுல விழல உனக்கு?"

"விழுது. உங்க பக்கம்தான் என்னமோ இருக்கு."

"எங்க பக்கமா?" அண்ணன் சிரித்தான். "எங்க பக்கம் மாப்ள சேத்த சுருதி. மாப்ள, நீயே சொல்லு. யார் தப்பு?"

மெத்தை ஒரு குச்சியைக் கீழே போட்டுவிட்டுக் குனிந்து தேட ஆரம்பித்தார். குச்சி காலடியில்தான் கிடந்தது. டீச்சர் வயலின் வில்லில் பிசின் கட்டி தேய்த்தார். நான் அசையவில்லை, அசைந்தால் பிளாஸ்டிக் உறை கத்தும்.

இவர் கீழே பார்த்துக்கொண்டே சொன்னார், "பெட்டியில ஏதோ இருக்கும் போல."

பெட்டிக்காரர் இவரையே பார்த்தார். குழுவில் இவர் காதை யாரும் மறுத்துப் பேசியது கிடையாது, அவரும் பேசவில்லை. "அப்படியா? நீ சொன்னா சரியாதான் இருக்கும்," என்றார். பெட்டியை மூடி வாரை மாட்டப் பார்த்தார். கொக்கி மாட்டவில்லை, விரல் நழுவிக்கொண்டே இருந்தது. "கண்ணும் போச்சு, காதும் போச்சு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "கச்சேரிய கீழ உக்காந்து பாக்குறேன். அதுவே போதும்."

துணியை எடுத்துப் பெட்டிமேல் போட்டார். அப்போது இவர் பேசினார்.

"பெட்டி சரியாதான் இருக்கு. மூடாதீங்க."

அண்ணன் திரும்பினான். "இப்பதானே வேற சொன்னே?"

"பொய் சொன்னேன். நாமதான் கீழ இருக்கோம், மச்சான். ஒன்றரைக் கட்டை."

கிடங்கில் சத்தமே இல்லை. மெத்தைகள் நடுவில் அமைதி என்றால் அது வேறு மாதிரி இருக்கும், காதை யாரோ பொத்தியது போல.

"எப்பலேருந்து?" என்றான் அண்ணன்.

"உன் தொண்டைக்கு அப்புறம்."

அண்ணன் கையிலிருந்த கிட்டாரைப் பார்த்தான், அது ஏதோ அவனுக்குத் துரோகம் செய்துவிட்ட மாதிரி. பிறகு ஒவ்வொருத்தராகக் கேட்டான். "டீச்சர், உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"மெத்தை?"

"எனக்கு என்ன தெரியும்? நான் தோலைத் தட்டுறவன்," என்றார் மெத்தை, இன்னும் குனிந்தபடி.

என்னைப் பார்த்தான். நான் எழுந்தேன். "எனக்கும் தெரியும்ணே. நீ கீழ கீழ போனதுக்குத்தான் எங்க வீட்டுக்கு இந்த எருமை வந்துச்சு. இதத் தூக்கித் தூக்கித்தான் அவர் கை போச்சு. இன்னும் தூக்கினா மொத்தமா போயிடும்னு டாக்டர் சொல்லிட்டாங்க. உங்கிட்ட சொல்றதுக்கு பயந்துக்கிட்டு கைய விட்டுடப் பாக்குறார்."

"யார் பயந்தா?" என்றார் இவர்.

"நீங்க சும்மா இருங்க," என்றேன்.

அண்ணன் இவர் இடது தோளைப் பார்த்தான். பிறகு கிட்டாரை நீட்டினான். "மேல ஏத்து. பெட்டி இருக்கிற எடத்துக்கு."

"வேணாம் மச்சான்."

"ஏத்துங்கிறேன்ல."

இவர் தாடையை எருமையின் கொம்பில் வைத்துச் சேர்த்தார், பிறகு அண்ணன் கிட்டாரைச் சேர்த்துக் கொடுத்தார். பெட்டிக்காரர் வாசித்தார். இந்தத் தடவை எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து நின்றது. அண்ணன் பாடினான். முதல் இரண்டு வரி வந்தது. மேலே போகிற இடத்தில் குரல் உடைந்தது. இன்னொரு தடவை போனான், அங்கேயே உடைந்தது. மூன்றாவது தடவை அவன் வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை. மூடிக்கொண்டான்.

யாரும் ஆறுதல் சொல்லவில்லை. டீச்சர் மட்டும், "கீழ எறங்கிப் பாடுங்க. பெட்டி மேல போகட்டும், நீங்க அடியில வாங்க," என்றார், பிள்ளைக்குக் கணக்கு சொல்கிற குரலில்.

அண்ணன் மெதுவாக, பேசுகிற மாதிரி, எல்லாவற்றுக்கும் அடியில் பாடிப் பார்த்தான். அழகாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். வயதான ஒருத்தன் படகு தள்ளுகிற மாதிரி இருந்தது. பாட்டும் அதைப் பற்றியதுதான்.

முடிந்ததும் நான் எருமையைக் கழற்றிக் கிட்டார் உறைக்குள் வைத்தேன். தூக்கப் போனபோது அண்ணன் என்னை விலக்கிவிட்டுக் கைப்பிடியைப் பிடித்தான். பாடகர்கள் மைக்கைத் தவிர எதையும் தூக்குவதில்லை, இவனும் தூக்கியதில்லை. தூக்கியவன் கீழே வைத்துவிட்டு மறு கைக்கு மாற்றினான்.

"இதையா இத்தனை வருஷமா மாட்டிக்கிட்டு நின்னே?"

இவர் கீழே கிடந்த ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தார்.

"உனக்கு மூளை இருக்கா மாப்ள?"

"இருந்தா பேஸ் வாசிப்பேனா?"

மெத்தை சிரித்துவிட்டார். அண்ணன் சிரிக்கவில்லை. வாசல்வரை போவதற்குள் இரண்டு தடவை கை மாற்றினான். எங்கள் கார் பக்கத்தில் நிற்காமல் அவனுடைய காருக்குப் போய்ப் பின்சீட்டில் போட்டுக் கதவைச் சாத்தினான். "இது இனிமே உங்க வீட்டுக்கு வராது," என்று என்னிடம் சொன்னான். இவரிடம் பேசவில்லை.

கச்சேரிவரை அப்படித்தான். என்ன வேண்டுமானாலும் எனக்குப் போன் செய்து, "உன் வீட்டுக்காரன்கிட்ட சொல்லு," என்பான். அவனுக்கு எட்டுகிற மாதிரிப் பாட்டுகளை மாற்றினார்கள், அதனால் அவன் புது இடங்களில் விரல் வைக்கப் பழக வேண்டியிருந்தது. "இந்த வயசுல எனக்கு பாலர் பாடம்," என்று அதையும் என்னிடம்தான் புலம்பினான். இரண்டு பாட்டு எப்படி மாற்றியும் சரியாக வரவில்லை, அவற்றை விட்டுவிட்டார்கள். அவற்றில் ஒன்று இவருக்கு மிகவும் பிடித்தது. கேட்டதற்கு, "பரவால்ல," என்றார்.

கச்சேரியில் இவர் குட்டியை மாட்டிக்கொண்டு அதே பாதி வெளிச்சத்தில் நின்றார். ஒருத்தரும் சிரிக்கவில்லை, ஒருத்தரும் கவனிக்கவில்லை என்பதுதான் நிஜம். அண்ணன் மூன்று இடத்தில் தப்பான விரல் வைத்தான். ஒவ்வொரு தடவையும் இவரைத் திரும்பிப் பார்த்தான், இவர் தலையை ஆட்டிச் சரியான இடத்துக்குக் கொண்டுபோனார். அப்படித்தான் அவர்கள் மறுபடி பேச ஆரம்பித்தார்கள். கடைசியில் யாரோ ஒருத்தர் மேடைக்கு ஓடி வந்து, "சார், உங்க குரல் அப்படியே இருக்கு," என்றார்.

"இல்லங்க, ஒன்றரைக் கட்டை எறங்கிடுச்சு," என்றான் அண்ணன். இப்போது போகிற இடமெல்லாம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறான், அதுவும் ஒரு சாதனை மாதிரி.

எருமை அவன் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. பெருக்கும்போது விளக்குமாறு இடிக்கிறது என்று அண்ணி திட்டுகிறாள்.

இவர் கை தோள் மட்டத்துக்கு வந்திருக்கிறது. அதற்கு மேல் வராது, நேரம் தாண்டிவிட்டது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். சட்டையை அவரே போட்டுக்கொள்கிறார். அதுவரை லாபம். அவர் கடைக்குப் போயிருந்த ஒரு நாள் நான் மேல் அலமாரியைக் காலி செய்தேன். அவர் டம்ளர், தட்டு, டீத்தூள் டப்பா, கெட்டில், எல்லாவற்றையும் இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவந்தேன். எனக்கு வேண்டியதை மேலே ஏற்றினேன். அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவர் வந்து தானாக டம்ளரை எடுத்துத் தானாக டீ போட்டுக் குடித்தார். "கை பரவால்ல இப்போ, நல்லா எட்டுது," என்றார். ஆமா என்றேன்.

சில நாள் கழித்து முன்னறையில் குட்டியோடு உட்கார்ந்திருந்தார். அடிக் கம்பியைத் தொட்டார். கெட்டில் மூடி கடகடவென்று ஆடியது. பழைய சுருதி, பழைய மூடி. வாசிப்பு நின்றது. இன்னொரு தடவை தொட்டார். மூடி ஆடியது. எழுந்து வந்து சமையலறை வாசலில் நின்றார். மேல் அலமாரியைப் பார்த்தார், பிறகு கீழே பார்த்தார்.

"சத்தம் கீழேருந்து வருது," என்றார்.

நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

"எப்பலேருந்து?"

"உங்க தோளுக்கு அப்புறம்," என்றேன்.

அவர் உள்ளே வந்தார். டம்ளரை எடுத்துத் தண்ணீர் பிடித்துக் குடித்துவிட்டு, அதை அதே கீழ்த்தட்டில் வைத்தார். பிறகு முன்னறைக்குப் போனார். மூடி மறுபடி ஆட ஆரம்பித்தது.